காற்று சுழற்றும்வரை

ட்ரெய்லரைக் காரின் கொக்கியில் மாட்டி, சங்கிலியைக் குறுக்காகப் போட்டு நிமிர்ந்தபோது மணி அதிகாலை மூன்றரை. மச்சினன் டார்ச்சை அடித்துக்கொண்டு சுற்றிவந்து, கட்டுப்பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். தூத்துக்குடியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான் தனியாகப் போகக்கூடாது என்று அவன் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் கூட வருகிறான்.

"அத்தான், பறக்கிற சாமான்னு அக்கா சொன்னா. இது ரெண்டு குழாயும் ஒரு நாற்காலியுமால்ல இருக்கு?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அலுமினியச் சதுரக் குழாய்களைக் கோத்த ஒரு சட்டம், மூன்று சக்கரம், ஓர் இருக்கை. இருக்கைதான் பெட்ரோல் டேங்கும். அதற்குப் பின்னால் நாற்பது குதிரைத்திறன் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், எஞ்சினுக்குப் பின்னால் ப்ரொப்பெல்லர், கடைசியில் வால். கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. தலைக்கு மேலே சுழல வேண்டிய இரண்டு நீளமான இறக்கைகள் மட்டும் கழற்றப்பட்டு, பஞ்சு வைத்த மரப்பெட்டியில் தனியாகப் படுத்திருந்தன. மொத்த எடை ஒரு புல்லட் மோட்டார்சைக்கிளைவிடக் குறைவு. இதுதான் கைரோப்ளேன். வைத்திருப்பவர்கள் கைரோ என்று சுருக்கிச் சொல்வோம்.

அமெரிக்க விமானச் சட்டத்தில் பகுதி 103 என்று ஒன்று 1982 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவர் மட்டும் உட்காரலாம், வெற்று எடை 254 பவுண்டுக்குள், அதாவது 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும், பெட்ரோல் 5 காலனுக்கு மேல் கூடாது, வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டரைப் பெரிதாகத் தாண்டக்கூடாது, பகலில் மட்டும் பறக்கலாம், ஜன நெருக்கமுள்ள ஊர்கள்மீது பறக்கக்கூடாது. இந்த வரம்புக்குள் இருந்தால் பதிவு எண் வேண்டாம், விமானி உரிமமும் வேண்டாம். இந்தச் சட்டம் இருப்பதால்தான் மாதச் சம்பளக்காரனான நான் ஒரு பழைய கார் விலைக்கு இதை வாங்கி என் வீட்டு கராஜில் நிறுத்த முடிந்தது. இதே சட்டத்தால் நான் படும் கவலையைப் பிறகு சொல்கிறேன்.

சிகாகோவின் மேற்குப் புறநகரிலிருந்து இண்டியானா மாநிலத்து மென்டோனுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பாப்புலர் ரோட்டார்கிராஃப்ட் சங்கம் என்று கைரோக்காரர்களின் சங்கம் ஒன்று 1962இல் தொடங்கியது. அதற்கு மென்டோன் ஊருக்கு வெளியே சொந்தமாகவே ஒரு சிறு விமானத்தளம் இருக்கிறது. கோடையில் அங்கே கூடுவார்கள். வால்பரைசோ தாண்டி 30ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் அப்புறம் சோளமும் சோயாவும்தான். ஹாம்லெட் என்ற ஊரைக் கடந்து பிளிமத்தை நெருங்கும்போது கைப்பேசிக் கடிகாரம் தானாகவே ஒரு மணி நேரம் முன்னால் குதித்தது. நேர மண்டலத்தின் எல்லை அங்கே சோளக்காட்டுக்கு நடுவே போகிறது. எட்னா கிரீனில் தெற்கே திரும்பினோம். ஆமிஷ் மக்களின் கறுப்புக் குதிரை வண்டி ஒன்று முன்னால் போனது. ட்ரெய்லரோடு அதை முந்த எனக்கு மனசில்லை. குதிரை நடையிலேயே கொஞ்ச தூரம் பின்னால் போனோம். மச்சினன் கண்ணாடியை இறக்கிவிட்டு, "நம்மூர் மாட்டுவண்டிச் சத்தம்லா கேக்கு," என்றான்.

மென்டோனில் சுமார் ஆயிரம் பேர் இருப்பார்கள். கடைத்தெருவில் சிமென்டால் செய்த பெரிய முட்டை ஒன்று நிற்கிறது. கோழிப்பண்ணைகளால் பேர்பெற்ற ஊர், முட்டை அதன் பெருமை. எனக்கு அந்த ஊரில் முக்கியம் வேறொன்று. பெல் விமான நிறுவனத்தை நிறுவிய லாரன்ஸ் பெல் 1894இல் இங்கேதான் பிறந்தார். 1947இல் ஒலியின் வேகத்தைத் தாண்டிய எக்ஸ்-1 அவருடைய நிறுவனத்தில் உருவானது. 1946இல் அமெரிக்க அரசின் சான்று பெற்ற முதல் பொதுப் பயன்பாட்டு ஹெலிகாப்டரும் அங்கே உருவானதுதான். அவர் பெயரில் ஊரில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. முப்பதுகளில் கைரோவுக்கு ஓஹோ என்று காலம் இருந்தது. 1931இல் வெள்ளை மாளிகைப் புல்தரையிலேயே ஒரு கைரோ இறங்கிக் காட்டியது. ஹெலிகாப்டர் வந்ததும் அந்தக் காலம் முடிந்துபோயிற்று. அந்த ஹெலிகாப்டரை வளர்த்தவர் பிறந்த மண்ணில் இன்று கைரோக்காரர்கள் கூடாரம் போடுகிறார்கள்.

தளத்தில் முதல் வேலை இறக்கையைப் பூட்டுவது. இரண்டு இறக்கையிலும் அடியில் ஏ, பி என்று வெட்டி எழுதியிருக்கிறது, நடுப்பட்டையிலும் அதே எழுத்துகள். மாற்றிப் பூட்டினால் எடைச் சமநிலை கெட்டு, கைப்பிடி கைக்குள் குலுங்கும். இரண்டையும் சேர்த்துப் பூட்டியபின் ஏழு மீட்டர் நீளம். மச்சினன் ஒரு முனையைத் தோளில் தாங்கிக்கொள்ள, நான் ஸ்டூல்மேல் ஏறி நடுவிலிருக்கும் ஒற்றை போல்ட்டைச் செருகினேன். என் உயிர் முழுக்க அந்த ஒரு போல்ட்டில் தொங்குகிறது. இங்கே அதற்கு ஜீசஸ் போல்ட் என்று பெயர். அது உருவிக்கொண்டால் அவரைக் கூப்பிடுவதைத் தவிர வழியில்லை. இறக்கைகள் அந்தப் போல்ட்டை அச்சாக வைத்து ஏற்றப்பலகைபோல ஆடும். ஒன்று மேலே போனால் மற்றது கீழே வரும். போல்ட்டுக்கு நட்டு, நட்டின் பள்ளத்தில் ஒரு ஸ்பிளிட் பின். பழைய பின்னை நான் மறுபடி போடுவதில்லை. ஒவ்வொரு முறையும் புதிது. இரண்டு காலையும் மடக்கிவிட்டு, விரல் நுனியால் தடவிப் பார்த்து, பிறகு மச்சினனையும் ஸ்டூலில் ஏறச் சொல்லித் தடவ வைத்தேன். இன்னொருவர் விரல் படாத போல்ட்டோடு நான் பறப்பதில்லை.

"மேல எஞ்சினோட சேர்க்கிற பெல்ட்டு எங்க அத்தான்?" என்றான் அவன்.

எல்லாரும் கேட்கும் கேள்வி. பெல்ட் கிடையாது. பறக்கும்போது எஞ்சினுக்கும் மேலே சுழலும் ரோட்டாருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஹெலிகாப்டரில் எஞ்சின் ரோட்டாரைச் சுழற்றுகிறது. கைரோவில் எஞ்சினின் வேலை முன்னால் தள்ளுவது மட்டும். பின்பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கும் ரோட்டாருக்குள் காற்று கீழிருந்து மேலாகப் புகுந்து போகிறது. அந்தக் காற்றுதான் அதைச் சுழற்றுகிறது, சுழல்வதால் அது தூக்குகிறது. அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் உடன்குடிப் பக்கத்தில் பனையோலையைக் கீற்றாகக் கிழித்து, குறுக்காக மடித்து, நடுவில் உடைமுள்ளைக் குத்தி, காம்பில் செருகிக் காத்தாடி செய்வோம். கையில் பிடித்துக்கொண்டு நின்றால் சுற்றாது. ஓட வேண்டும். ஓடினால் சுற்றும், நின்றாலும் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத்தான் ஓயும். "பனங்காத்தாடியேதான்," என்றான். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

இதைக் கண்டுபிடித்தவர் ஸ்பெயின்காரரான ஹுவான் டி லா சியெர்வா. 1919இல் அவர் செய்த மூன்று எஞ்சின் விமானம் வேகம் குறைந்து, இறக்கையின் தூக்குவிசை அறுந்து, தரையில் விழுந்தது. வேகம் குறைந்தாலும் விழாத விமானம் வேண்டும் என்று அவர் அதற்குப் பிறகு பிடிவாதமாக உழைத்தார். இறக்கையை விமானத்தோடு அசையாமல் பிணைக்காமல், அது மட்டும் எப்போதும் சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன? முதலில் செய்தவை பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தன. காற்றை எதிர்த்து வரும் இறக்கை அதிகமாகத் தூக்குகிறது, காற்றோடு போகும் இறக்கை குறைவாகத் தூக்குகிறது. கடைசியில் அவர் இறக்கைகளை அடியில் கீல் போட்டு மேலும் கீழும் ஆட விட்டார். சாய்வு நின்றது. 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே கெட்டாஃபேயில் அது பறந்தது. 1928இல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி பாரிஸ் போனது. பின்னால் வந்த ஹெலிகாப்டர்களும் அந்தக் கீலைத்தான் எடுத்துக்கொண்டன. நான் ஸ்டூல்மேல் நின்று பூட்டிய போல்ட் அதே கீலின் எளிய வடிவம்.

சாயங்காலம் ஆறு மணிக்குமேல் வெக்கை தணிந்து காற்று அடங்கியது. என் வண்டியில் ரோட்டாரை முன்கூட்டிச் சுழற்றிவிடும் கருவி இல்லை. கையால்தான். தலைக்கவசத்தோடு இருக்கையில் உட்கார்ந்து, கைப்பிடியை முன்னால் தள்ளி வைத்து, வலது கையை உயர்த்தி, கடந்து போகும் இறக்கையின் அடியில் உள்ளங்கையால் ஒரு தள்ளு. அடுத்தது வரும், இன்னொரு தள்ளு. முதலில் சோம்பலாக வரும். பத்து, பதினைந்து தள்ளலுக்குப் பிறகு கை எட்டுவதற்குள் தாண்டிப் போகும். அப்போது கையை எடுத்துவிட்டு, கைப்பிடியை முழுக்கப் பின்னால் இழுத்து, எஞ்சினைக் கொஞ்சமாகக் கூட்டி, நடை வேகத்தில் உருள வேண்டும். ரோட்டார் காற்றைக் குடித்து வேகம் எடுக்கும். தலைக்குமேல் வுப், வுப் என்று தனித்தனியாகக் கேட்ட சத்தம் நெருங்கி நெருங்கி ஒன்றாகும். அதற்குப் பிறகுதான் முழு த்ராட்டில். அதற்கு முன்னால் அவசரப்படவே கூடாது.

இதை நான் என் முதல் கோடையில், கைக்காசைக் கொடுத்துக் கற்றேன். இரண்டு இருக்கை வண்டியில் ஆசிரியரோடு பழகிவிட்டு, இதில் தனியாக உட்கார்ந்த மூன்றாம் நாள். ரோட்டார் இன்னும் மெதுவாகச் சுற்றும்போதே த்ராட்டிலைக் கூட்டிவிட்டேன். வண்டி வேகமாக ஓட, காற்றோடு பின்வாங்கும் இறக்கைக்குத் தூக்கவே காற்றில்லை, எதிர்த்து வரும் இறக்கை வானத்துக்கு எகிறியது. கீல் தன் எல்லைவரை போய் முட்டியது. கைப்பிடி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு இரண்டு முழங்காலையும் மாறி மாறி அடித்தது. பின்னால் தாழ்ந்த இறக்கை சுக்கானின் மேல்முனையை வெட்டியெறிந்தது. எல்லாம் இரண்டு நொடி. தரையிலேயே நின்றதால் உயிர் இருக்கிறது. அன்று அந்த ஓடுபாதையிலிருந்த ஒரு பெரியவர், வெல்டர், ஓடிவந்து எஞ்சினை அணைத்தார். திட்டவில்லை. வெட்டுப்பட்ட துண்டைப் பொறுக்கி என் கையில் கொடுத்து, "அது தயாராகும்வரை நீ காத்திருக்கணும், நீ தயாராகும்வரை அது காத்திருக்காது," என்றார். அந்தத் துண்டு இன்னும் என் கராஜில் ஆணியில் தொங்குகிறது.

மென்டோனில் அன்று மாலை சத்தம் ஒன்றாகும்வரை காத்திருந்தேன். முன்சக்கரம் தானாக எழுந்தது. ஒரு கணம் பின்சக்கரங்களில் மட்டும் உருண்டு, தரை விட்டுப் போயிற்று. என் கால்களுக்குக் கீழே எதுவுமில்லை. இரண்டு பூட்ஸ்கள், அவற்றுக்கு நடுவே இண்டியானா. முன்னால் நீட்டிய குழாயின் நுனியில் ஒரு சாண் சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருக்கிறேன். அது நேராக என் மார்பை நோக்கி வந்தால் வண்டி நேராகப் போகிறது, ஓரம் சாய்ந்தால் சுக்கானை மிதிக்க வேண்டும். என்னிடம் உள்ள கருவிகளிலேயே நான் அதிகம் நம்புவது அந்த நூலைத்தான். நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் சோளத்தின் வாசனை வருகிறது. பூத்த சோளத்துக்கு ஈரமும் இனிப்புமாக ஒரு மணம். மூடிய விமானத்தில் பறப்பவர்களுக்கு அது தெரியாது. குளிர்ந்த பட்டை ஒன்றைக் கடந்தால் கீழே ஓடை இருக்கிறது என்று முழங்கை சொல்கிறது.

எஞ்சினை ஐடில் நிலைக்குக் குறைத்து, மூக்கை உயர்த்தினேன். வேகம் குறைந்து குறைந்து, கம்பளி நூல் தொங்கிப்போனது. சாதாரண விமானம் என்றால் இங்கே தூக்குவிசை அறுந்து விழும். சியெர்வா பயந்த இடம் இது. கைரோ மெல்லச் செங்குத்தாக இறங்கத் தொடங்கியது. கீழிருந்து வரும் காற்றே ரோட்டாரைச் சுழற்றிக்கொண்டிருந்தது. மகாகனி விதை மரத்திலிருந்து சுழன்று இறங்குவதும் இதே கணக்குதான். பிறகு மூக்கைத் தாழ்த்தி வேகம் சேர்த்து, ஓடுபாதைக்கு வந்து, தரையருகே கைப்பிடியை இழுத்தேன். தொட்டு, சில அடி உருண்டு, நின்றது. எஞ்சின் நின்றாலும் இதே இறக்கம்தான். எஞ்சின் போவதைப் பற்றி நான் அதிகம் பயப்படாததற்குக் காரணம் இது. பயப்பட வேண்டியது வேறு, அதை மறுநாள் கண்ணால் பார்த்தோம்.

இரவில் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு பேசுவது இங்கே வழக்கம். மச்சினனுக்கு மிகவும் பிடித்தது வாலாட்டிக் குருவியின் கதை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள், மூட்டை கட்டி உள்ளே வைக்கக்கூடிய ஒற்றையாள் ரோட்டார் பட்டம் ஒன்றை வைத்திருந்தன. பெயர் பாக்ஸ்டெல்ட்ஸ, அவர்கள் மொழியில் வாலாட்டிக் குருவி. எஞ்சினே இல்லை. கப்பல் கயிறு கட்டி இழுக்கும், இழுக்கிற காற்றில் ரோட்டார் சுழன்று ஆளைத் தூக்கும், அவன் மேலிருந்து கடலைத் துழாவி டெலிபோனில் சொல்வான். இதை அதிகம் பயன்படுத்தியது நம் இந்தியப் பெருங்கடலில். 1943 ஆகஸ்டில் மொசாம்பிக் கால்வாயில் இப்படிப் பார்த்துத்தான் யு-177 ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. எதிரி வந்து நீர்மூழ்கி அவசரமாக முங்க நேர்ந்தால் மேலே இருப்பவன் ரோட்டாரைக் கழற்றிவிட்டுப் பாராசூட்டில் குதிக்க வேண்டும். "பொறவு அவன யாரு எடுப்பா?" என்று மச்சினன் கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை.

போர் முடிந்தபின் அத்தகைய பட்டங்களை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்கா வந்த இகோர் பென்சன். 1953இல் வட கரோலினாவில் சொந்த நிறுவனம் தொடங்கி, அந்தப் பட்டத்துக்கு எஞ்சின் வைத்தார். வரைபடத்தையும் பாகங்களையும் விற்றார். வீட்டுக் கொட்டகையில் துளைக்கருவியும் ரம்பமும் வைத்திருந்த எவரும் செய்யலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. இந்தச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. நான் வைத்திருப்பது உட்பட இன்றைய சிறு கைரோக்களில் பெரும்பாலானவை அவர் வழிவந்தவை. முதலில் எஞ்சின் இல்லாமல், காரின் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் பழகுங்கள் என்றுதான் அவர் சொன்னார். பலர் அந்தப் படியைத் தாண்டி நேராக எஞ்சினுக்குப் போனார்கள். ஒற்றை இருக்கையில் பக்கத்தில் யாரும் உட்கார்ந்து கையைப் பிடிக்க முடியாது. செத்தவர்கள் நிறைய. அந்தத் தலைமுறையில் மிஞ்சியவர்களோடு உட்கார்ந்தால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு இறந்தவர் பெயர் வரும்.

மறுநாள் காலை ஒஹாயோவிலிருந்து ஒரு இளைஞர் பழைய பென்சன் வகை வண்டியோடு வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். சொத்து விற்பனை ஒன்றில் மலிவாகக் கிடைத்ததாம். முந்தைய உரிமையாளர் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸோடு கூடிய பெரிய எஞ்சினையும் பெரிய ப்ரொப்பெல்லரையும் வைத்திருந்தார். பெரிய ப்ரொப்பெல்லர் அடிச்சட்டத்தில் இடிக்காமல் இருக்க எஞ்சின் உயரத் தூக்கப்பட்டிருந்தது. கிடைவால், அதாவது படுக்கைவாட்டில் வைக்கும் வால், இல்லை. இளைஞர் ஒரு மணி நேரம்கூட ஆசிரியரோடு பறந்ததில்லை. ஓடுபாதையில் உருட்டிப் பழகி, மெல்ல மெல்ல எழும்பிப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தார். வண்டி அந்த எடை வரம்புக்குள் இருக்கும்வரை சட்டம் அவரைத் தடுக்காது. நான் சொன்ன கவலை இதுதான்.

பெரியவர்கள் யாரும் புத்தி சொல்லவில்லை. "தொங்கவிட்டுப் பார்க்கலாமா?" என்றார்கள். கொட்டகையின் உத்தரத்தில் செயின் பிளாக் இருந்தது. இறக்கையைக் கழற்றி, அந்த ஒற்றை போல்ட்டின் இடத்தில் கொக்கியை மாட்டி, இளைஞரை இருக்கையில் உட்காரவைத்து, பெல்ட்டைப் பூட்டி, ஒரு அடி உயரத் தூக்கினார்கள். ஒருவர் போல்ட்டிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினார். கொத்தனார் வைத்திருக்கும் அதே தூக்குக்குண்டு. ஆட்டம் நிற்கும்வரை எல்லாரும் மூச்சுவிடாமல் நின்றோம். நூல் போன வழியில் சட்டத்தின்மேல் சாக்பீஸால் ஒரு கோடு. பிறகு கொக்கியை வேறிடத்துக்கு மாற்றி, இன்னொரு சாய்வில் தொங்கவிட்டு, இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் ஆளோடு சேர்ந்த வண்டியின் எடைமையம். பெரியவர் ஒருவர் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, மறுகையை ப்ரொப்பெல்லரின் நடுவுக்கு நேராக நீட்டினார். இரண்டு கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

பீரோவை மேல்பக்கம் பிடித்துத் தள்ளினால் நகராது, சாயும். எடைமையத்துக்குமேல் ஒரு சாண் உயரத்தில் எஞ்சின் தள்ளினால் மூக்கு முன்னால் கவிழப் பார்க்கும். ரோட்டார் தூக்கிக்கொண்டிருக்கும்வரை அது தெரியாது. வேகமாகப் போகும்போது ஒரு காற்றுக் குலுக்கலில் கைப்பிடியைச் சட்டென்று முன்னால் தள்ளினால், ரோட்டார்மீதுள்ள பாரம் ஒரு கணம் குறையும். பாரம் குறைந்தால் கீழிருந்து வரும் காற்றும் குறையும், சுழற்சி மங்கும், பிடித்திழுக்க எதுவுமில்லாமல் எஞ்சின் மொத்த வண்டியையும் தலைகுப்புறப் புரட்டிவிடும். அதிலிருந்து மீள வழி கிடையாது. பிரிட்டனில் நடந்த விபத்துகளுக்குப் பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவர்கள், தள்ளுவிசைக்கும் எடைமையத்துக்கும் உள்ள அந்த உயர வித்தியாசம்தான் முக்கியம் என்றார்கள். இங்குள்ள அமெரிக்கப் பெரியவர்கள் பலர் கிடைவால்தான் உயிர்நாடி என்கிறார்கள். என் கருத்து, இரண்டையும் சரிசெய்யாமல் ஏறக்கூடாது. இருக்கையை உயர்த்தி எஞ்சினைத் தாழ்த்தலாம், ப்ரொப்பெல்லர் காற்று படும் இடத்தில் கிடைவால் வைக்கலாம். இரண்டும் ஒரு குளிர்கால வேலைதான்.

இளைஞர் தொங்கிக்கொண்டே அந்தக் கட்டைவிரலையும் நீட்டிய கையையும் மாறி மாறிப் பார்த்தார். கழுத்துவரை சிவந்துவிட்டது. "இறக்கி விடுங்கள்," என்று மட்டும் சொன்னார். தரையில் கால் வைத்ததும் வண்டியைச் சுற்றி வந்து, தானே சாக்பீஸை வாங்கி, ப்ரொப்பெல்லரின் நடுவிலிருந்து முன்னால்வரை மூன்றாவது கோடு ஒன்றை இழுத்தார். மற்ற இரண்டும் சேரும் இடத்துக்கு மேலே அது தனியாகப் போனது. மச்சினன் என் காதருகே, "அத்தான், ஒங்க வண்டிய இப்படித் தொங்கவிட்டாச்சா?" என்றான். வாங்கிய முதல் வாரத்திலேயே என்றேன். "அக்காகிட்ட நான் சொல்லுதேன்," என்றான்.

மூன்றாம் நாள் காலை பனி விலகுமுன் நான் இறக்கைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஏ ஒருபக்கம், பி ஒருபக்கம். ஓடுபாதையில் இரண்டு இருக்கை கைரோ ஒன்று நின்றது. முன்னால் ஒஹாயோ இளைஞர், பின்னால் ஆசிரியர். ரோட்டார் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வுப், வுப் என்று ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. எஞ்சின் சத்தம் ஏறவில்லை. ஆசிரியர் காத்திருக்க வைத்திருந்தார். மச்சினன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நின்று அதையே பார்த்தான். சத்தம் நெருங்கி, நெருங்கி, ஒன்றானது.

திரும்பும் வழியில் கொட்டகையைத் தாண்டினோம். கதவு திறந்திருந்தது. பழைய பென்சன் இன்னும் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, மூன்று சாக்பீஸ் கோடுகளோடு.